கன்னியம்மாவுக்குப் பாஸான வீடு

கன்னியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் வாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அப்படியொரு வாய். தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரம் என் கீற்றுக்கடை. அங்கிருந்து கடலைப் பார்க்க நடந்தால் சங்கிலிக்குப்பம். அவள் அங்கே தன் குடிசை வாசலில் நின்று யாரையாவது ஏசினால், இங்கே மூங்கில் எண்ணிக்கொண்டிருக்கும் எனக்குக் கணக்குத் தப்பிப்போகும். மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவேன். சத்தத்தைக் குறை என்று அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு மட்டுமல்ல, குப்பத்துப் பெரியதனக்காரர் தண்டபாணிக்கே தைரியம் கிடையாது.

எனக்கும் கோபம் கொஞ்சம் ஜாஸ்திதான். 'சௌக்கத் அலி பாய் கடைக்குப் போனால் கீற்று நன்றாக இருக்கும், பேச்சு நன்றாக இருக்காது' என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் கோபம் வந்த வழியே போய்விடும். கன்னியம்மாவின் கோபம் வந்த இடத்தில் குடித்தனமே நடத்தும். ஒரு நாள் என் மனைவி காத்தூன் பீவி அவளுடைய மீன் கூடையைப் பார்த்து, "இது நேத்து மீனா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் அந்த மாதம் முழுக்க எங்கள் தெருவில் காலே வைக்கவில்லை. எங்கள் வீட்டில் தினமும் அவளிடம் வாங்குவோம், நஷ்டம் அவளுக்குத்தான். இருந்தாலும் வரவில்லை. பிறகு ஒரு நாள் துள்ளிக்கொண்டிருந்த சங்கரா மீன் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, "இத்த துன்னு பாத்துட்டு அப்பால பேசு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்ன சொல்லை யாராவது சந்தேகப்பட்டால் பட்டினி கிடந்தாவது நிரூபிப்பாள். அந்த ஜாதி.

அவள் புருஷன் ரங்கூனுக்குக் கப்பலேறியவன். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டதோடு கடிதமும் நின்றது, ஆளும் வரவில்லை. செத்தானா, நடந்தே வரும்போது வழியில் விழுந்தானா, அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டானா, யாருக்குத் தெரியும்? "பூட்டான்னு சொல்லவும் வாய் வரல, கீறான்னு சொல்லவும் வாய் வரல பாய்" என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். அந்த வாய் தணிந்து பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. பொட்டு வைத்தபடி, கூடையைத் தலையில் ஏற்றி, ராயபுரம் முழுக்கச் சுற்றி மகனை வளர்த்தாள்.

மகன் பெயர் தேசப்பன். கரித்துண்டு கையில் கிடைத்தால் என் கடைச் சுவரில் கப்பல் வரைந்துவிடுவான். நான் காதைத் திருகுவேன், அவன் அலறுவான், அவன் அம்மா அங்கிருந்து என் பரம்பரையையே இழுப்பாள். ஆனால் கப்பல் நன்றாக இருக்கும், அதையும் சொல்ல வேண்டும். ஹார்பரில் நிற்கிற கப்பலுக்கு எத்தனை கயிறோ அத்தனை கயிறும் அவன் படத்தில் இருக்கும். எங்கள் ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறினான். ஸ்காலர்ஷிப் கிடைத்து, பம்பாயில் கட்டடம் வரைகிற படிப்புக்குப் போனான். சங்கிலிக்குப்பத்திலிருந்து அதற்கு முன் பம்பாய்க்குப் போனது கருவாடு மட்டும்தான்.

அந்தப் படிப்பு என்ன படிப்பு என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அங்கே வருஷத்துக்கு ஒரு பெரிய வேலை கொடுத்து வரையச் சொல்வார்களாம். ஒரு வருஷம் அவனுக்குக் கிடைத்தது நாடகத் தியேட்டர். லீவில் வந்தபோது அந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். மேடை, திரை தூக்குகிற இடம், வேஷம் கட்டுகிற அறை, பெண்கள் உட்காரத் தனி மாடி, எல்லாம் இருந்தது. வாசலில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னல்கூட வரைந்திருந்தான். டிக்கெட் ஜன்னல் வரைக்கும் வரைந்தால் அது கட்டுகிற தியேட்டராகத்தானே இருக்கும்? நான் அப்படித்தான் நினைத்தேன். கன்னியம்மா மறுநாளே மார்க்கெட் பூராவும் சொல்லிவிட்டாள்.

"பம்பாயில எம்புள்ள கொட்டாய் கட்றான். நீங்கல்லாம் போனா டிக்கெட் கேக்க மாட்டாங்க. தேசப்பன் ஆளுன்னு சொல்லிட்டு உள்ள போய்க்கினே இருங்க."

அவன் காதில் இது விழுந்தது. சிரித்தான். "இன்னாம்மா நீ" என்று இழுத்தானே தவிர, அப்படியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சந்தோஷமாக இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான். படித்த பிள்ளைகளிடம் இது ஒரு கெட்ட பழக்கம். நமக்குப் புரியவில்லை என்று தெரிந்தாலும் சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

அடுத்த வருஷம் வந்த வேலை குடியிருப்பு. ஏழைப்பட்ட ஜனங்களுக்கு வீடுகள் வரைய வேண்டும், எந்த ஊர் என்று மாணவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மற்ற பிள்ளைகள் எந்தெந்த ஊரை எடுத்தார்களோ, நம் தேசப்பன் சங்கிலிக்குப்பத்தை எடுத்தான். டிசம்பர் லீவில் பலகையும் அளவு நாடாவுமாக வந்து இறங்கி, குடிசை குடிசையாக அளக்க ஆரம்பித்தான். யார் எங்கே படுக்கிறார்கள், வலை எங்கே காய்கிறது, அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று ஒன்று விடாமல் கேட்டுக் குறித்துக்கொண்டான். நாடாவின் ஒரு முனையைக் கன்னியம்மா பிடித்துக்கொண்டாள். வேறு ஒருத்தியையும் தொட விடவில்லை.

"இன்னாத்துக்கு தம்பி அளக்குற?" என்று கேட்டாள் முத்தம்மா. கன்னியம்மாவின் பக்கத்துக் குடிசைக்காரி. அவள், அவளுடைய மகள், மருமகன், பேரன் பேத்திகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

"குப்பத்துக்கு புதுசா வூடு பிளான் போடறேன்க்கா."

பொய்யா சொன்னான்? இல்லை. பிளான்தான் போட்டான்.

வைகாசி வெயிலில் மறுபடியும் வந்தான். இந்த முறை சுருளைப் பிரித்து, கரையில் கிடந்த கட்டுமரத்தின் மேல் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தான். கடையைச் சாத்திவிட்டு நானும் போயிருந்தேன். அட அல்லாவே, என்ன அழகு! கடலுக்கு நீலம், மணலுக்கு மஞ்சள், ஓட்டுக்குச் சிவப்பு. வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் வலை உலர்த்த முற்றம், தெருவுக்குத் தெரு குழாய். எங்கள் கண்ணெதிரே கலீஜாகக் கிடக்கும் அதே குப்பம், அதே கடல். ஆனால் யாரோ பெரிய மனிதர்கள் குடியிருக்கிற இடம் போல இருந்தது. பெண்கள் விரலால் தொட வந்து, அழுக்காகிவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"இதுல எனுக்கு எதுடா?" என்றாள் கன்னியம்மா.

அவன் யோசிக்கவே இல்லை. கடல் ஓரத்தில் ஒரு வீட்டைக் காட்டினான். "இதாம்மா உனுக்கு. தெருக்கோடி வூடு. காத்து ஜிலுஜிலுன்னு வரும்."

"எனுக்கு?" என்றாள் முத்தம்மா.

"அம்மாக்குப் பக்கத்துல. இதோ."

பிறகு எல்லோரும் கேட்க, எல்லோருக்கும் ஆளுக்கொன்று காட்டினான். தாராளப் பிரபு! பெரியதனக்காரர் தண்டபாணிக்குக் குழாய்க்குப் பக்கத்து வீடு. குப்பத்துக்காரனே அல்லாத எனக்குக்கூட, 'மாமு, நீ வந்தா குந்தறதுக்கு' என்று ஒரு மரத்தடியைக் காட்டினான். சந்தோஷத்தில் இருந்தான், பாவி. அவனுக்கும் வயது என்ன ஆகியிருந்தது?

தண்டபாணி விவரமான ஆள். கார்ப்பரேஷன் வாசல் ஏறி இறங்கியவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி. இது பாஸாயிடுச்சாடா?"

"போன மாசமே பாஸாயிடுச்சி மாமா" என்றான் தேசப்பன், முகமெல்லாம் பல்லாக. "ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் பாஸ் என்றால் என்ன தெரியுமா? ஒரு சுவர் எழுப்ப வேண்டுமானாலும் முதலில் பிளான் போட்டுக் கார்ப்பரேஷனில் கொடுப்போம். அவர்கள் பார்த்து முத்திரை குத்தினால், 'பிளான் பாஸாயிடுச்சி' என்போம். அதற்கப்புறம் செங்கல் இறங்க வேண்டியதுதான். என் கடைக்குப் பின்னால் ஷெட் போட பிளான் பாஸானபோது நான் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். ஆகவே வீடு பாஸாகிவிட்டது என்றால் வீடு வருகிறது என்று அர்த்தம். வேறு அர்த்தம் எங்களுக்குத் தெரியாது. ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றால் ரயிலில் இருக்கிறதே, மெத்தை போட்ட வண்டி, அது. சர்க்கார் கொடுக்கிற வீட்டில் தேர்ட் கிளாஸும் உண்டு, நமக்கு ஃபர்ஸ்ட் கிளாஸாகவே பாஸாகியிருக்கிறது என்று குப்பம் புரிந்துகொண்டது. ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள். கன்னியம்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, ரங்கூன் சமாசாரத்துக்குக்கூட.

தேசப்பன் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, தன் மார்க்குக்குத்தான் இத்தனை கொண்டாட்டம் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் பம்பாய் மெயில் ஏறினான்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஆடிக் காற்று ஓய்ந்ததும் இங்கே கூரை மாற்றுகிற காலம். ஆவணி, புரட்டாசிக்குள் புதுக் கீற்று வேய்ந்துவிட வேண்டும், ஐப்பசி மழை யாருக்கும் தாட்சண்யம் பார்க்காது. பொன்னேரிப் பக்கத்துக் கீற்று கால்வாயில் படகுகளில் வந்து இறங்கும், நான் சுமை சுமையாக வாங்கிப் போடுவேன். மற்ற குப்பத்துக்காரர்களெல்லாம் வந்து வாங்கினார்கள். சங்கிலிக்குப்பத்திலிருந்து ஒரு ஆள் வரவில்லை.

"இன்னா பாய், கடையில ஈ ஓட்டிகினு கீற?" என்று கன்னியம்மா கூடையோடு போகிற போக்கில் கேட்டாள்.

"கூர மாத்தலியா நீங்க?"

"ஓட்டு வூட்டுக்கு ஆராச்சும் கீத்து போடுவானா? போய்யா, வேற யாவாரம் பாரு."

நானும் சிரித்தேன். ஆனால் ஆவணி போயிற்று, புரட்டாசி பிறந்தது, குப்பத்தில் ஒரு செங்கல் இறங்கவில்லை, நூல் பிடித்துப் பார்க்கக்கூட ஒருவன் வரவில்லை. எனக்கு உறுத்தியது. வேறு வேலையாகக் கார்ப்பரேஷனுக்குப் போனபோது, சங்கிலிக்குப்பத்து வீடுகள் எப்போது கட்டப்போகிறார்கள் என்று கேட்டேன். எந்த வீடு, என்றார்கள். சொன்னேன். அங்கே படம் வரைகிறவர் ஒருவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, நல்ல மனிதர், சிரிக்காமலே விளக்கினார். கட்டடப் படிப்பில் அப்படித்தானாம். தியேட்டர் வரைவார்களாம், குடியிருப்பு வரைவார்களாம், ஒரு முழுப் பட்டணத்தையே வரைவார்களாம். எதையும் யாரும் கட்ட மாட்டார்களாம். வாத்தியார் மார்க் போடுவாராம், பாஸ் என்றால் அதுதானாம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

நேராகக் குப்பத்துக்குப் போனேன். கன்னியம்மா கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, பட்டென்று சொன்னேன்.

"கன்னியம்மா, பாஸுன்னா பரீட்சையில பாஸு. உன் புள்ள படம் வரைஞ்சான், வாத்தியாரு மார்க்கு போட்டாரு. அவ்ளோதான். வூடு ஆரும் கட்டல, கட்டவும் மாட்டாங்க."

அவள் நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கீத்து விக்கலேன்னு வயித்தெரிச்சலா பாய்?"

"அல்லா மேல ஆணையா..."

"அல்லாவ ஏன் இட்டாற? கட்டாத வூட்டுக்கு எவனாச்சும் அளவெடுப்பானா? வாசக்கால்லருந்து மாடக்குழி வரைக்கும் அளந்தான்யா எம்புள்ள. நாடாவ புட்ச்சிகினு நின்னவ நானு. இல்லாத வூட்டுல எனுக்கு எதுக்கு எடம் காட்டுவான்? பெத்த தாய டபாய்க்கிறானா அவன்?"

"அவன் டபாய்க்கல. நமக்குத்தான் புரியல. அவன் அட்ரஸ் குடு, நான் எழுதிக் கேக்குறேன்."

"தர மாட்டேன். நல்லா படிச்சிகினு கீறவன பேஜாரு பண்ணாத."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள், அன்று கருவாட்டைப் பார்த்தபடி குரலை இறக்கினாள்.

"இத பாரு பாய். குப்பமே எங்கூரையப் பாத்துகினு கீது. நானே கீத்து வாங்கினா, பெத்தவளே நம்பல, அவன் சொன்னது டூப்புன்னு ஆவாதா? நனைஞ்சா நனையறேன் போ. எம்புள்ள பேரு நாற வேணாம்."

என்ன சொல்வீர்கள் இதற்கு? கடைக்கு வந்து, நல்ல கீற்றாகப் பொறுக்கி அவள் கூரைக்கு வேண்டியதை வண்டியில் ஏற்றி, சும்மாவே அனுப்பினேன். வண்டி போன சுமையோடு திரும்பி வந்தது. வண்டிக்காரன் வாங்கிக்கொண்டு வந்த ஏச்சில் பாதியை என்னிடம் சொல்லவே கூசினான்.

தண்டபாணியிடமும் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "வூடு வர்ற வரைக்கும் ஆவட்டும்" என்று சொல்லி, தன் கூரைக்கு மட்டும் சத்தம் போடாமல் கீற்று வாங்கிப் போனார். அவரைப் பார்த்துப் பலர் வாங்கினார்கள். முத்தம்மாகூட வாங்கினாள், கன்னியம்மா அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். கடைசியில் குப்பத்திலேயே பழைய கூரை என்று கன்னியம்மாவுடையது ஒன்றுதான் மிஞ்சியது.

ஐப்பசி பிறந்ததும் வானம் பொத்துக்கொண்டது. கட்டுமரம் ஒன்றும் இறங்கவில்லை, மீன் இல்லை, ஹார்பரில் கூலி வேலைகூட நின்றுபோனது. எண்ணூர் வரைக்கும் சாலையில் முழங்கால் தண்ணீர். மக்கிப்போன கீற்று எத்தனை நாள் தாங்கும்? கன்னியம்மாவின் குடிசைக்குள் பெய்ததற்கும் வெளியே பெய்ததற்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. ஒரு கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளேயே குந்தியிருந்தாள். அடுப்பு எரியவில்லை. காத்தூன் பீவி கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"வர மாட்டேன் பீவி. மழைக்குப் பயந்துகினு ஓடிட்டா, அப்ப வூடு வரலன்னு அவளுக்கே தெரிஞ்சி போச்சின்னு பேசுவாளுங்க. இன்னும் கொஞ்ச நாளுதானே?"

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போது என் மனைவி அழுதுவிட்டாள். நான் கத்தினேன். யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மழையையா, கன்னியம்மாவையா, இல்லாத வீட்டை வரையச் சொல்லிக் கொடுக்கிற அந்தப் படிப்பையா?

ஒரு காலையில் முத்தம்மா நனைந்தபடி கடைக்கு ஓடிவந்தாள். கன்னியம்மா வீட்டுக் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது, அவளுக்கு உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது. ரிக்‌ஷாவில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் சளி கட்டி ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள், அவர்களால் ஆனதைச் செய்தார்கள். எனக்குத் தர மாட்டேன் என்ற பம்பாய் முகவரியை அங்கேதான் காத்தூன் பீவியிடம் சொன்னாள். அதுவும் கண்டிஷன் போட்டு. "கூர விழுந்தத புள்ளைக்கு சொல்லாத. பரீச்ச நேரம்." தந்தி கொடுத்தேன்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நானே போய் அவனை அழைத்துக்கொண்டேன். ரிக்‌ஷாவில் உட்கார்ந்ததும் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றும் மறைக்கவில்லை.

"மாமு, பாஸுன்னா மார்க்கு மாமு! அதுகூடவா தெரியாது?"

"எங்களுக்கு எப்பிடிடா தெரியும்?" என்று நடு ரோட்டில் கத்தினேன். ரிக்‌ஷாக்காரன் திரும்பிப் பார்த்தான். "கட்டாத வூட்டுக்குப் படம் போடுவாங்கன்னு எவன்டா எங்களுக்குச் சொன்னான்? நீ சொன்னியா? தேட்டரு படத்தக் கொண்டாந்தியே, அப்பவாச்சும் சொன்னியா? சிரிச்ச! ஆளுக்கொரு வூடு காட்டுனியே, உனுக்கு ஒரு நிமிஷம் தோணலியா?"

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் எனக்கு மனசு கேட்கவில்லை. முதுகைத் தட்டி, "இப்ப இன்னா வரையற அங்க?" என்று கேட்டேன், பேச்சை மாற்றுகிறதற்காக.

"ஒரு பட்டணம் மாமு" என்றான், முகத்தை மூடியபடியே. "லட்சம் பேரு குடியிருக்கற மாதிரி."

ரிக்‌ஷா ஆசுபத்திரி வாசலில் போய் நின்றது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அவன் உள்ளே போனான். கட்டிலில் கன்னியம்மா பாதியாகக் கிடந்தாள். அவ்வளவு பெரிய வாய், மூச்சு விடவே சிரமப்பட்டது. மகனைப் பார்த்ததும் கண் மட்டும் விரிந்தது.

"வந்துட்டியா? துன்னியா?"

"அம்மா..." என்று கட்டில் பக்கத்தில் மண்டியிட்டான். "அம்மா, அந்த வூடு..."

"இன்னா?" என்றாள். கண்ணில் ஒரு பயம் வந்தது. அவளிடம் அதற்கு முன் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். மூச்சு வாங்கி வாங்கி அவளே கேட்டாள். "இன்னாடா, மழயால லேட்டா?"

தேசப்பன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாம்மா" என்றான். "மழயால லேட்டு."

"அதான பாத்தேன்" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. "ஈரத்துல கட்டக் கூடாதுடா. மழ வுட்டதும் கட்டட்டும். பாய், கேட்டுக்கினியா? லேட்டுதானாம்." எனக்கு எதிரே ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. நானும், "நீ சொன்னதுதான் சரி கன்னியம்மா" என்றேன். அந்த ஒரு தடவைதான் அவளிடம் நான் தோற்றுப்போனேன் என்று ஒத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது மழை விட்டிருந்தது. குப்பத்து ஜனங்கள் அந்தச் சரிந்த குடிசையைச் சுற்றி நின்றார்கள். தேசப்பன் உள்ளே ஈரத் தரையைப் பார்த்தபடி வாசலில் நின்றான். முத்தம்மாதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று அவள் தடுமாறியது நன்றாகத் தெரிந்தது.

"கோச்சிக்காத தம்பி. இப்ப கேக்கக் கூடாதுதான். உங்கம்மாவுக்குன்னு வச்ச வூடு இனிமே சும்மாதானே கெடக்கும்? எம்பொண்ணு கைக்கொழந்தையோட எடமில்லாம அவதிப்படறா. என் வூட்டுக்குப் பக்கத்து வூடுதானே அது. அவளுக்குக் குடுக்கச் சொல்லி ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்றியா?"

"இப்பவா கேப்ப?" என்று தண்டபாணி அதட்டினார். ஆனால் அவரும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவிகள், கூரை மாற்றியிருந்தாலும் ஒருத்தர்கூட அந்த வீட்டைக் கைவிடவில்லை!

தேசப்பன் முத்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை மழுப்பவில்லை.

"அக்கா, அது வூடு இல்லக்கா. பரீச்ச. படம் வரையச் சொன்னாங்க, வரைஞ்சேன். நல்லாகீதுன்னு எனுக்கு மார்க்கு போட்டாங்க. அதத்தான் பாஸுன்னு சொன்னேன். வூடு கட்றாங்கன்னு நீங்க நினைச்சது எனுக்குத் தெரியாதுக்கா."

முத்தம்மாவுக்கு அது உடனே விளங்கவில்லை. அவன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்கம்மா வூடு?"

"இல்லக்கா."

"என் வூடு?"

"அதுவும் இல்ல. ஒரு வூடும் இல்ல."

அவள் கையை உருவிக்கொண்டாள். திரும்பி, ஒரு பக்கம் தரையோடு படிந்து கிடந்த அந்தக் கூரையைப் பார்த்தாள்.

"அப்ப அவ இன்னாத்துக்குடா இத்தினி நாளு நனைஞ்சிகினு குந்திகினு இருந்தா?"

தேசப்பன் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எனுக்காகக்கா" என்றான்.